கம்ப்யூட்டர் லேசாகிவிட்டது, நான் லேசுப்பட்டவள் இல்லை

நைனா,

இப்படிக் கூப்பிட்டால் இப்போதெல்லாம் உனக்குக் கூச்சமாக இருக்கிறது. இருக்கட்டும். இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதம் இல்லை. முடித்ததும் பெரிய எழுத்தில் அச்செடுத்து, ராயபுரத்தில் நம் கடையின் கண்ணாடிக் கதவில் ஒட்டப்போகிறேன். போஸ்டருக்கு வருகிறவர்கள், பத்திரிகைக்கு வருகிறவர்கள், கன்டெய்னர் லாரி நகரட்டும் என்று சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள், யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும். "அம்மா கடையை மூடியாச்சு" என்று நீ சொன்னது ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. ஊருக்குச் சொன்னதற்குப் பதிலும் ஊருக்குத்தான் சொல்ல வேண்டும். கடை திறந்திருக்கிறது. காலையில் நான்தான் ஷட்டரைத் தூக்கினேன். அந்தக் கடையில் உட்கார்ந்துதான் இதை அடித்துக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைக்குத் தாய் எழுதுகிற கடிதம் என்றால் அதில் நாலு புத்திமதி இருக்கும், ஆசீர்வாதம் இருக்கும், கடைசியில் நான் ஏதாவது தப்பு செய்திருந்தால் மனசில் வைத்துக்கொள்ளாதே என்று ஒரு வரி இருக்கும். புத்திமதி உண்டு. ஆசீர்வாதம் நீ நடந்துகொள்கிறதைப் பொறுத்தது. கடைசி வரியை எதிர்பார்க்காதே.

நிச்சயதார்த்தத்துக்குப் பெங்களூரிலிருந்து வந்தாயே, அதற்கு மறுநாள் காலையில் ஆரம்பித்தது. கடைக் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தாய். நீ காலேஜில் படிக்க வாங்கியது அது. நீ லேப்டாப்புக்கு மாறினதும் கடைக்கு வந்தது. கிழம்தான், ஒத்துக்கொள்கிறேன். காலையில் ஆன் செய்துவிட்டு நான் வாசல் கூட்டி, தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு வந்தாலும் அது இன்னும் எழுந்துகொண்டே இருக்கும். பென் டிரைவ் கொண்டுவருகிறவன் ஒவ்வொருவனும் கூடவே ஒரு வைரஸையும் விட்டுவிட்டுப் போவான். நீ ரெண்டு நிமிஷம் தட்டிப் பார்த்துவிட்டு மூஞ்சியைச் சுளித்தாய். "இதுல இனிமே விண்டோஸ் ஓடாதும்மா. லினக்ஸ் போட்டுத் தரேன். பழைய மெஷினுக்குன்னே லேசானது நிறைய இருக்கு, அதுல ஒண்ணு போட்டா பறக்கும்" என்றாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பிள்ளை நமக்காக உட்கார்ந்து ஒரு வேலை செய்கிறான் என்று காசிமேட்டுக்கு ஓடினேன். நல்ல இறாலாகப் பொறுக்கி வாங்கிவந்து, பின்கட்டில் உட்கார்ந்து ஓடு உரித்துக்கொண்டிருந்தேன். நான் ஓடு உரித்த நேரத்தில் நீ என் கம்ப்யூட்டரை உரித்துவிட்டாய்.

சாப்பிட்டுவிட்டுக் காட்டினாய். நீல நிறத்தில் சுத்தமான திரை, நாலே நாலு படம். மவுஸைத் தொட்டால் துள்ளுகிறது. "பார்த்தியா, எவ்வளவு லேசா கீது?" என்று உன் வாயில் பழைய பாஷைகூட வந்தது. மெயில் பார்க்கலாம், போட்டோ பார்க்கலாம், பாட்டு கேட்கலாம், உனக்கு வேறென்ன வேண்டும் என்றாய். எனக்கு வேறென்ன வேண்டும் என்று என்னிடமே கேட்டிருக்கலாம். நீ கேட்டது கேள்வி மாதிரி இருந்ததே தவிர, பதிலுக்கு நிற்கவில்லை. என் ஃபைலெல்லாம் எங்கே என்றேன். "எல்லாம் பத்திரமா இருக்கு, ஒரு ஃபோல்டர்ல போட்டிருக்கேன்" என்றாய். நிச்சயதார்த்த போட்டோவையும் அதிலேயே ஏற்றி வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு சென்ட்ரலுக்குக் கிளம்பிப் போய்விட்டாய்.

மறுநாள் நான் கடையைத் திறந்து வாசல் தெளிக்கும்போதே எர்ணாவூர் ஏழுமலை வந்து நின்றான். உனக்குத் தெரியாது அவனை. விசைப்படகில் வேலை செய்கிற பையன். அவன் அண்ணன் முந்தின நாள் ராத்திரி போய்விட்டான், நெஞ்சுவலி. ஒரு போட்டோவைக் கையில் கசங்காமல் பிடித்துக்கொண்டு, "மத்தியானம் எடுக்கறாங்கக்கா. அதுக்குள்ள தெரு முனைலயும் குப்பத்துலயும் ஒட்டணும்" என்றான். அவனைக் குந்த வைத்துவிட்டு, அஞ்சலி போஸ்டருக்கென்று நான் வைத்திருக்கிற ஃபைலைத் திறந்தேன். பெயரையும் போட்டோவையும் மாற்றினால் முடிகிற வேலை. திரையில் இப்படி வந்தது: fz;zPH mQ;ryp.

ஏழுமலை எட்டிப் பார்த்தான். "இன்னாக்கா இது, ஏபிசிடிய கொட்டி வெச்சா மாதிரி கீது?" என்றான். நான் அடுத்த ஃபைலைத் திறந்தேன். அதுவும் அப்படித்தான். மஞ்சள் நீராட்டு, காதணி விழா, கிரகப்பிரவேசம், இத்தனை வருஷமாக இந்த விரல் அடித்த ஒவ்வொன்றும் ஏபிசிடியாகக் கொட்டிக் கிடந்தது. உனக்குப் புரிகிறதா, படிக்கிறவர்களுக்காகவும் சொல்கிறேன்: நாங்கள் அடிக்கிறது பழைய காலத்துத் தமிழ் ஃபாண்ட். கம்ப்யூட்டர் அதை இங்கிலீஷ் எழுத்து என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கும். மேலே தமிழ் உருவம் போர்த்துகிறது அந்த ஃபாண்ட்தான். நீ ஃபைலைப் பத்திரமாக எடுத்து வைத்தாய். ஃபாண்டை அழித்துவிட்டாய்.

பையன் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். அவன் அண்ணன் வீட்டில் கிடக்கிறான். நான் என்ன செய்வேன்? பெரிய தாளை எடுத்து, மார்க்கரால் கையாலேயே எழுதினேன். கண்ணீர் அஞ்சலி என்று எழுதின அவசரத்தில் 'ணீ' கோணிக்கொண்டது. போட்டோவை நடுவில் ஒட்டி, பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் போட்டு, ஓட்டமாக ஓடிவந்து கொடுத்தேன். ஜெராக்ஸில் அவன் அண்ணன் முகம் கருப்பாகப் போய்விட்டது. ஏழுமலை அதைப் பார்த்துவிட்டு, "பரவால்லக்கா, எயுத்து நல்லாத்தான் கீது" என்று எனக்கு ஆறுதல் சொன்னான். சாவு வீட்டுக்காரன் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறான், நைனா. அந்தக் காலையை நான் மறக்க மாட்டேன், நீயும் மறக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

அவன் போனதும் உனக்கு போன் போட்டேன். மீட்டிங்கில் இருக்கிறேன் என்றாய். நான் விடவில்லை. என் தமிழ் எங்கேடா போச்சு என்று கேட்டேன். அதற்கு நீ சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், கண்ணாடியில் எல்லோரும் பார்க்கட்டும். "அதெல்லாம் வெயிட்டும்மா. அந்தப் பழைய சாஃப்ட்வேர், ஃபாண்ட் எல்லாத்தையும் தூக்கினாத்தான் அந்த மெஷின் தாங்கும்." வெயிட்டாம். சரி, தெரியாமல் செய்துவிட்டான், திருப்பிப் போடச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் நீ அடுத்ததைச் சொன்னாய். "இன்னும் எதுக்கும்மா இந்த சாவு போஸ்டர் வேலை? பொண்ணு வீட்ல ஒரு மாதிரி நினைப்பாங்க. கடையை மூடியாச்சுன்னு நான் சொல்லிட்டேன். நீயும் அப்படியே உட்டுடு."

அப்போதுதான் எனக்கு நிச்சயதார்த்தத்தில் நடந்தது விளங்கியது. அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அத்தை, நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் நீ குறுக்கே விழுந்து, "அம்மா வீட்ல ரெஸ்ட்தான்" என்றாய். சபையில் பேச வேண்டாம் என்று நான் சும்மா இருந்தேன். வருகிற வழியில், கல்யாணம் முடிகிறவரைக்கும் அவர்கள் எதிரில் இன்னா, வூடு, கீது என்றெல்லாம் பேசாதே என்று வேறு சொன்னாய். அதற்கும் சும்மா இருந்தேன். முதலில் என் வாயை லேசாக்கினாய், அப்புறம் என் கம்ப்யூட்டரை. கடைசியில் என்னையே ரெஸ்ட்டில் உட்கார வைக்கப் பார்த்தாய். உன் அப்பா ஹார்பரிலிருந்து வந்ததும் சொன்னேன். அந்த மனுஷன் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "கொயந்த தெரியாம பண்ணிக்கினான், உடு" என்றார். இருபத்தாறு வயசுக் குழந்தை! உன் மேல் இருந்த கோபத்தில் அன்றைக்கு நான் அவருக்குச் சோறு போடவில்லை.

சாவு போஸ்டர் என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாய். இந்தத் தொழில் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதே இல்லை, நீ அதற்குள் வளர்ந்தவன். ஒரு ஆள் போய்விட்டால் அழுகிறவர்கள் அழுவார்கள், பந்தல் போடுகிறவர்கள் போடுவார்கள், ஒருவன் மட்டும் போட்டோவைத் தேடி எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடிவருவான். போனவர் பெயரைச் சொல்லும்போது இனிஷியல் தப்பாகச் சொல்வான், நான் திருப்பிக் கேட்பேன். அக்கா தங்கச்சி பெயர் விட்டுப்போனால் அடுத்த வருஷம் வரைக்கும் சண்டை நடக்கும் என்று எனக்குத் தெரியும், அதையும் கேட்பேன். கூலி வேலை செய்து, வாழ்நாள் முழுக்க ஒரு இடத்தில்கூடப் பெயர் அச்சில் வராத ஆளுக்கு அன்றைக்கு ஒரு நாள் தெருவெல்லாம் பெயர் வரும், எழுத்துப் பிழை இல்லாமல். அதை நான் செய்கிறேன். அதில் உனக்கு என்ன கேவலம்? உன் பொண்ணு வீட்டில் யாரும் சாகவே மாட்டார்களா?

இன்னொன்று. நீ ஏழாவது படிக்கும்போது இந்தக் கடை ஆரம்பித்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து என் ஸ்டூலில் ஏறிக்கொண்டு, எந்தக் கட்டையைத் தட்டினால் எந்த எழுத்து என்று நீயாகவே கற்றுக்கொண்டாய். முதல் நாள் 'அம்மா' என்று அடித்தாய். ஃபாண்டை மாற்ற மறந்துவிட்டதால் mk;kh என்று வந்தது. "அம்மா காணோம்!" என்று கத்தினாய். நான் அதைத் தேர்ந்தெடுத்து ஃபாண்டை மாற்றினேன், அம்மா வந்துவிட்டாள். எத்தனை தடவை அதைச் செய்து செய்து சிரித்தாய்! அப்புறம் அதையே ரகசிய பாஷையாக்கிக்கொண்டாய். நான் கஸ்டமரோடு பேசிக்கொண்டிருந்தால் பில் தாளின் பின்பக்கத்தில் grpf;FJ என்று எழுதி நீட்டுவாய். பசிக்குது. உலகத்தில் நம் ரெண்டு பேருக்குத்தான் அது புரியும். அந்தப் பிள்ளைதான் ஃபாண்டை வெயிட் என்று தூக்கிப் போட்டது. தெரியாதவன் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு எரியாது.

சரி, மேலே நடந்ததைக் கேள். நீ கல்யாணப் பட்டியலில் சேர்க்காத உன் தோஸ்து தாஸ் இருக்கிறானே, டோல்கேட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், அவனைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தான். நீ போட்டதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். "யக்கா, இது இருக்கறதுலயே குட்டி. ஒண்ணுமே இல்லாததால பறக்குது. பிரின்டரே தெரியாது இதுக்கு. உன் புள்ள உனக்கு ரிட்டயர்மென்ட் குடுத்துட்டுப் போயிக்கீறான்" என்றான். அவன் ஒன்றும் அடக்கமான பையன் இல்லை, உனக்கே தெரியும். ஒரு வேலைக்கு வந்தால் ஒன்பது கதை அளப்பான், ரெண்டு டீ குடிப்பான், எல்லாம் தனக்குத்தான் தெரியும் என்பான். ஆனால் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "இத்த வெச்சிகினு நீ இன்னா வேலை செய்யணும், அத்த மொதல்ல சொல்லு. அப்புறம் எது லேசுன்னு பேசலாம்." நீ கேட்காத கேள்வி அது.

நான் கோபத்தில் இருந்தேன். தமிழ் தெரிகிறதாக, மெனுவெல்லாம் தமிழில் வருகிறதாக, பெரிசாக ஒன்று போடு என்றேன். தாஸ் மண்டையைச் சொறிந்துகொண்டே ஒரு சிடியைப் போட்டான். வந்தது பார், கோப்பு, தொகு, அச்சிடு என்று எல்லாம் தமிழில்! எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. இதை ஒரு போட்டோ எடுத்து உனக்கு அனுப்பி உன் மூக்கை உடைக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்கப்புறம் ஒரு தாளைத் திறக்கச் சொன்னேன். மணல் கடிகாரம் மாதிரி ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. தாஸ் வெளியே போய் டீ குடித்துவிட்டு எனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தான், அது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஹார்ட் டிஸ்க் உள்ளே கரகரவென்று அரைக்கிறது. நான் விடாமல், திறக்கும் திறக்கும் என்று உட்கார்ந்திருந்தேன். கடைசியில் தாஸ் சொன்னான்: "யக்கா, உன் கோவத்துக்கு இந்த ரேம் பத்தாது."

அவன் சொன்னது சரிதான். நீ ஒன்றுமே இல்லாததைப் போட்டாய், நான் எல்லாம் இருக்கிறதைக் கேட்டேன். ரெண்டிலும் போஸ்டர் வராது. மெனு தமிழில் இருந்து என்ன, இங்கிலீஷில் இருந்து என்ன, அச்சிடு என்பது எந்தப் பக்கம் இருக்கிறது என்று என் கைக்குத் தெரியும். எனக்கு வேண்டியது மூன்றே விஷயம்தான் என்று தாஸ் கூட உட்கார்ந்து யோசித்தபோது தெரிந்தது: பழைய ஃபாண்ட் ஏற வேண்டும், பிரின்டர் ஓட வேண்டும், போட்டோவைப் போட்டுப் பெரிதாக்க ஒரு வழி வேண்டும். மற்றதெல்லாம் போகட்டும்.

மூன்றாவதாக வேறொரு லினக்ஸ் போட்டான். பப்பி என்று பெயராம், நாய்க்குட்டி. சிடியிலிருந்து அப்படியே மேலே ஏறி நின்றுகொள்கிறது, ஹார்ட் டிஸ்க்கைத் தொடுவதே இல்லை. பிடித்தால் வைத்துக்கொள், பிடிக்கவில்லை என்றால் சிடியை எடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இரு என்கிற மாதிரி. நீ போட்டதும் அப்படிச் சிடியிலிருந்தே ஓட்டிப் பார்க்கக்கூடியதுதானாம், தாஸ் சொன்னான். அதாவது, எதையும் அழிக்காமல் என்னை ஒரு தடவை உட்கார வைத்துக் காட்டியிருக்கலாம். உனக்குப் பொறுமை இல்லை, ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இந்தப் பப்பி திறந்ததும் 'வவ்' என்று ஒரு குரை குரைத்தது. நான் திடுக்கிட்டுப் போய் ஸ்டூலைப் பின்னால் தள்ளினேன். அதற்குள் தாஸ் பிரின்டரை ஓட வைத்துவிட்டான், சோதனைத் தாள் ஒன்று வந்து விழுந்தது. வேகமும் குறையில்லை. ஃபாண்ட் மட்டும் இல்லை.

அதற்குத்தான் டோல்கேட் ஸ்டெல்லா கடைக்குப் போனேன். யார் என்று தெரியும் உனக்கு, என்னை மாதிரியே போஸ்டரும் பத்திரிகையும் அடிக்கிறவள். என் கஸ்டமரை அவள் இழுத்தாள், அவள் கஸ்டமரை நான் இழுத்தேன், தேர்தல் நோட்டீஸ் விஷயத்தில் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. அவளிடமும் அதே ஃபாண்ட்தான். படியேறினதும் அவள் கேட்டது என்ன தெரியுமா? "வா, வா. கடைய மூடிட்டியாமே? உன் வூட்டுக்காரர் கூட வேலை செய்யறவர் வந்து சொன்னாரு." நீ அண்ணா நகரில் பொண்ணு வீட்டில் சொன்ன பொய் டோல்கேட் வரைக்கும் நடந்தே வந்துவிட்டது, பார். நிச்சயதார்த்தத்துக்கு வந்த யாரோ ஹார்பரில் சொல்லியிருக்கிறார்கள். என் பழைய கஸ்டமர் ரெண்டு பேர் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. "மூடல. என் புள்ளதான் மூடப் பார்த்தான்" என்றேன். ஸ்டெல்லா என் கையிலிருந்த பென் டிரைவை வாங்கி ஃபாண்டைப் போட்டு நீட்டினாள். "எத்துகினு போ. நீ இல்லாட்டி நான் யாராண்ட சண்ட போடறது?" என்றாள். உன்னைவிட அவள் எனக்கு நெருங்கின சொந்தம் என்று அந்த நிமிஷம் தோன்றியது.

தாஸ் அந்த ஃபாண்டை ஃபோல்டரில் போடும்போது நான் அதன் அளவைப் பார்த்தேன். எனக்கு இந்தக் கணக்கெல்லாம் அவ்வளவாகத் தெரியாது, பக்கத்திலேயே உன் நிச்சயதார்த்த போட்டோ இருந்ததால்தான் தெரிந்தது. நீ மாலை போட்டுக்கொண்டு நிற்கிற ஒரே ஒரு போட்டோவில் ஒரு மூலைகூட வராது அந்த ஃபாண்ட், அவ்வளவு சின்னது. அதைத்தான் வெயிட் என்று தூக்கிப் போட்டாய். உன் போட்டோ அத்தனையையும் என் தலையில் ஏற்றிவிட்டுப் போனாய். நான் அந்த போட்டோக்களை அழிக்கவில்லை. ஒரு சிடியில் போட்டு பீரோவில் வைத்துவிட்டேன். எடுத்ததும் மெஷின் இன்னும் கொஞ்சம் லேசாக ஓடுகிறது.

ஃபாண்ட் ஏறினதும் பழைய ஃபைலைத் திறந்தேன். கண்ணீர் அஞ்சலி என்று எழுத்து எழுத்தாக எழுந்து நின்றது. சத்தம் போட்டு அழுதேன், நைனா. தாஸ் பயந்துபோய், "இன்னாக்கா, சாவு ஃபைலப் பார்த்து சந்தோசப்படற ஒரே ஆளு நீதான்" என்றான். அந்த வாரமே ஏழுமலை திரும்பி வந்தான், அண்ணனுடைய காரியத்துக்குப் பத்திரிகை அடிக்க. கடை மூடியாச்சாமே என்று அவனுக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "பூட்டிகினு கீதா இல்லையான்னு ஒரு எட்டு பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான். போட்டோ பளிச்சென்று, பெயர் கோணாமல் அடித்துக் கொடுத்தேன். அதற்குக் கூலி வாங்கவில்லை. உன் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

இப்போது புத்திமதி. நாளைக்கு அந்தப் பெண் உன் வீட்டுக்கு வரும்போது அவளோடு ஏதாவது வரும். ஒரு பழைய தையல் மிஷினோ, வாரத்துக்கு ஒரு நாள் அம்மா வீட்டுக்குப் போகிற பழக்கமோ, அவளுடைய ஒரு வேலையோ, ஒரு சினேகிதியோ. உனக்கு அது எதற்கென்றே புரியாது. உன் கண்ணுக்குப் பாரமாகத் தெரியும். அவள் இறால் உரிக்கிற நேரம் பார்த்து அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பார் எவ்வளவு லேசாக இருக்கிறது என்று காட்டாதே. இதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்கிறாய் என்று கேள். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நில். அவளிடம் முதல் பேச்சிலேயே ஒரு பொய் சொல்லிவைத்திருக்கிறாய், அதுவும் பெற்றவளைப் பற்றி. குடித்தனத்தின் முதல் நாளில் அது இருக்கக் கூடாது. வேறு புத்திமதி என்னிடம் இல்லை.

கல்யாணப் பத்திரிகையை இங்கிலீஷில் மட்டும் அடித்தால் போதும், ராயபுரத்துக்கு வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்றாய் அல்லவா? தமிழில் நான் அடித்துவிட்டேன். இந்தக் கடையில், இந்த மெஷினில். கீழே சின்ன எழுத்தில் கடையின் பெயரும் இருக்கிறது, எல்லாப் பத்திரிகையிலும் போடுகிற மாதிரி. முதல் பத்திரிகை தாஸுக்கு, ரெண்டாவது ஸ்டெல்லாவுக்கு, மூன்றாவது ஏழுமலைக்குக் கொடுத்துவிட்டேன். நாலாவது அந்தப் பெண்ணுக்கு. அதோடு இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றையும் மடித்துக் கவரில் வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் நீயே அவளிடம் போய், என் அம்மா கடை நடத்துகிறாள், அஞ்சலி போஸ்டர் அடிக்கிறாள் என்று உன் வாயால் சொல்லிவிடு. சொல்லவில்லை என்றால் திங்கட்கிழமை காலையில் நான் அண்ணா நகருக்கு பஸ் ஏறுவேன். இன்னா, வூடு, கீது எல்லாம் என்னோடு சேர்ந்துதான் வரும்.

இதையே உனக்கு மெயிலிலும் அனுப்புகிறேன். உன் புது லேப்டாப்பில் அந்த ஃபாண்ட் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆகையால் உனக்கு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஏபிசிடி கொட்டினாற்போலத்தான் இருக்கும். ஃபாண்டை நான் அனுப்ப மாட்டேன். படிக்க வேண்டும் என்றால் வந்து, கடை வாசலில் நாலு பேரோடு நின்று கண்ணாடியில் படி. ஆனால் கடைசி வார்த்தையைப் படிக்க உனக்கு ஃபாண்ட் வேண்டியதில்லை. பில் தாளின் பின்பக்கத்தில் நீ எழுதி நீட்டின அதே பாஷை அது. அதுவும் புரியவில்லை என்றால் கல்யாணத்துக்கு என்னை எதிர்பார்க்காதே. கண்ணாடியில் ஒட்டினதில் அது தமிழாகவே இருக்கும். மெயிலில் உனக்கு இப்படித்தான் தெரியும்:

mk;kh